அம்பேத்கரின் கேள்விக்குத் தலைகுனிந்த பேராயர்

தென்னிந்தியத் திருச்சபையின் வரலாற்றைச் சொல்பவர்கள் பேராயர் அசரியாவின் பெயரைச் சொல்லாமல் கடப்பதில்லை. இந்தியர்களில் முதல் ஆங்கிலிக்கன் பேராயர் என்று ஒரு வரியில் சொல்லி முடித்துவிடுவார்கள். அவர் தம் வாழ்நாளின் பெரும்பகுதியை யாரோடு கழித்தார், எந்தக் கேள்விக்கு விடை சொல்ல முடியாமல் தவித்தார் என்பது அந்த ஒரு வரிக்குள் வராது. நமக்கு முக்கியம் அதுதான்.

வேதநாயகம் சாமுவேல் அசரியா 1874 ஆகஸ்ட் 17 அன்று வெள்ளாளன்விளையில் பிறந்தார். இன்றைய தூத்துக்குடி மாவட்டத்தில், மெஞ்ஞானபுரத்துக்கு அருகில் உள்ள ஊர் அது. தந்தை தாமஸ் வேதநாயகம் கிராமச் சபையின் குருவானவர். தாய் பெயர் எலன். நெடுநாள் காத்திருந்து பெற்ற பிள்ளை என்பதால் வேதத்தில் வரும் அன்னாளின் மகன் பெயரையே வைத்தார்கள். 1889இல் தந்தை இறந்தார். அதன் பிறகு தாயின் கண்டிப்பிலும் ஜெபத்திலும் வளர்ந்தார்.

அவர் பிறந்தது நாடார் குடும்பத்தில். அந்தக் காலத்தில் நாடார்களுக்கே கோயில் வாசல் அடைத்துக் கிடந்தது. 1897இல் கமுதிக் கோயிலுக்குள் நுழைந்ததற்காக அவர்கள் நீதிமன்றத்துக்கு இழுக்கப்பட்டார்கள். 1899இல் சிவகாசி பற்றி எரிந்தது. அதே வேளையில், தங்களை மேலிருந்து மிதித்தவர்களோடு போராடிய அந்தச் சமூகமும் பள்ளர், பறையர், சக்கிலியர் என்று அழைக்கப்பட்ட மக்களைத் தனக்குக் கீழேயே வைத்திருந்தது. சாதியின் சூட்சுமம் இதுதான். மிதிபடுபவனுக்கும் மிதிக்க ஒருவனைக் காட்டிவிடும்.

திருச்சபையும் இதற்கு விலக்காக இருக்கவில்லை. சபைக்குள் சாதி அடியோடு ஒழிய வேண்டும் என்று கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் 1833இல் ஆணையிட்டார். அப்போது தஞ்சையிலும் சென்னை வேப்பேரியிலும் மேல்சாதிக் கிறிஸ்தவர்கள் பலர் ஆலயத்தையே விட்டு வெளியேறினார்கள். ஒரே வரிசையில் அமர்வதும், திருவிருந்தில் ஒரே பாத்திரத்திலிருந்து பருகுவதும் அவர்களுக்குப் பொறுக்கவில்லை. தேநீர்க் கடையின் இரட்டைக் குவளைக்கு எதிராகப் பின்னாளில் நடந்த போராட்டம், ஆலயத்துக்குள் அதற்கு வெகு காலம் முன்பே நடந்திருக்கிறது. அசரியா வளர்ந்தது அந்தப் போராட்டம் முடியாத சபையில்.

நண்பனாக வாருங்கள்

மெஞ்ஞானபுரத்திலும் திருநெல்வேலியிலும் படித்த அசரியா பிறகு சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் சேர்ந்தார். கணிதம் படித்தவர், பட்டம் பெறாமலே வெளியேறினார். 1895இல் ஒய்.எம்.சி.ஏ. செயலாளராகி தென்னிந்தியா முழுவதும் சுற்றினார். 1898இல் அன்பு மரியம்மாளை மணந்தார். அந்நாளில் கல்லூரிப் படிப்பு வரை சென்ற மிகச் சில தமிழ்க் கிறிஸ்தவப் பெண்களில் அவரும் ஒருவர்.

1902இல் யாழ்ப்பாணம் சென்றபோது, அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள் தாங்களே பணம் திரட்டித் தமிழகத்துக்கு ஊழியர் அனுப்புவதைக் கண்டார். நூறாண்டுக்கு மேல் வெளிநாட்டார் கொடுத்ததை வாங்கியே பழகிய திருநெல்வேலிச் சபை பிறருக்கு என்ன கொடுத்தது என்ற கேள்வி அவரை உறுத்தியது. 1903 பிப்ரவரியில் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கியது. பணமும் ஆட்களும் நிர்வாகமும் நம்மவருடையதாகவே இருக்க வேண்டும் என்பது அதன் விதி. பெண்கள் உலையில் போடும் அரிசியில் ஒரு பிடி எடுத்து வைத்துக் காணிக்கையாகக் கொடுக்கும் வழக்கம் இத்தகைய பணிகளைத் தாங்கி நின்றது. சங்கம் தேர்ந்தெடுத்த பணிக்களம் தெலுங்கு பேசும் தோர்ணக்கல். அன்று ஐதராபாத் நிஜாமின் ஆட்சிப் பகுதி, இன்று தெலங்கானாவின் மகபூபாபாத் மாவட்டம்.

பிறரை அனுப்பிவிட்டுத் தான் ஊரில் இருப்பது அசரியாவுக்குச் சரியாகப் படவில்லை. 1909இல் ஒய்.எம்.சி.ஏ. பொறுப்பை விட்டார், குருப்பட்டம் பெற்றார், தோர்ணக்கல் போய்ச் சேர்ந்தார். அப்போது வயது 35. ஆரம்பத்தில் தங்கியது கூடாரத்தில். மொழி புதிது, மக்கள் புதியவர்கள். பல ஊர்களில் பேசிப் புகழ் பெற்றவர், அங்கே எழுத்துக்கூட்டிப் பேசும் மாணவராக அமர்ந்தார்.

மறு ஆண்டு, 1910 ஜூனில், ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் உலக மிஷனெரி மாநாடு கூடியது. சுமார் 1200 பேர் வந்திருந்த அந்த மாநாட்டில் ஆசியர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்களே. மேடை ஏறிய அசரியா, அங்கிருந்தவர்கள் நெளியும்படி பேசினார். மிஷனெரிகள் எங்களுக்காக உழைக்கிறார்கள், உடைமைகளைத் தருகிறார்கள், உயிரையும் தருகிறார்கள், ஆனால் எங்களை வீட்டுக்கு அழைத்துப் பக்கத்தில் உட்காரவைத்து உண்பதில்லை என்பதே அவர் பேச்சின் சாரம். நன்றி சொல்லிவிட்டு, தியாகத்துக்கு மேலான ஒன்றைக் கேட்டார். அது நட்பு. அரங்கில் பலருக்குக் கோபம் வந்தது. அந்தப் பேச்சு நூறாண்டு கடந்தும் நினைக்கப்படுகிறது.

தலித் வாசகருக்கு அந்தப் பேச்சின் பொருள் எளிதில் விளங்கும். உதவி செய்யும் கை வேறு, சேர்ந்து உண்ணும் கை வேறு. முதலாவது மேலே இருந்துகொண்டே நீட்ட முடியும். இரண்டாவதற்கு இறங்கி உட்கார வேண்டும். வெள்ளைக்காரரிடம் இதைக் கேட்ட அசரியா, தோர்ணக்கல்லில் தன்னிடமும் தன்னோடு வந்த தமிழ் ஊழியர்களிடமும் இதையே கேட்டுக்கொள்ள வேண்டியிருந்தது.

மாலரும் மாதிகரும்

தோர்ணக்கல் பகுதியில் சபையைத் தேடி வந்தவர்களில் பெரும்பாலோர் மாலர்களும் மாதிகர்களும். மாலர்கள் வயல் கூலிகளாகவும் நெசவாளர்களாகவும் இருந்தார்கள். மாதிகர்கள் தோல் தொழில் செய்தார்கள். ஊர்ப் பெரியவர்களுக்கும் அதிகாரிகளுக்கும் கூலியில்லாமல் உழைக்கும் வெட்டி வேலை இருவர் தலையிலும் விழுந்தது. ஊருக்கு வெளியே இருவருக்கும் தனித்தனிக் குடியிருப்பு. ஒருவர் வீட்டில் மற்றவர் உண்பதில்லை, பெண் கொடுத்து எடுப்பதில்லை. நம் பக்கத்தில் பறையருக்கும் அருந்ததியருக்கும் நடுவே கிழிக்கப்பட்ட கோட்டை நினைத்தால் அங்கிருந்த நிலைமை புரியும்.

1912 டிசம்பர் 29 அன்று கல்கத்தா புனித பவுல் பேராலயத்தில் அசரியா பேராயராக அபிஷேகம் பெற்றார். சென்னை பேராயர் ஹென்றி ஒயிட்ஹெட் இதற்காகப் பாடுபட்டார். எதிர்ப்பும் இருந்தது. இந்தியர் ஒருவரின் கீழ் வெள்ளைக்காரர் எப்படி வேலை செய்வது என்று கேட்ட மிஷனெரிகள் இருந்தார்கள். முதலில் சிறியதாக இருந்த மறைமாவட்டம் பின்னர் கிருஷ்ணா ஆற்றுப் பகுதி வரை விரிந்தது.

பேராயர் ஆனபின் அவர் அலுவலகத்தில் அமர்ந்துவிடவில்லை. மாட்டு வண்டியிலும் சைக்கிளிலும் கிராமம் கிராமமாகப் போனார். பகலெல்லாம் வயலில் நிற்கும் கூலிகளுக்கு மாலையில்தான் நேரம். எனவே விளக்கு வைத்த பிறகே வழிபாடும் பாடமும் நடந்தன. அழுக்கு, நோய், கடன், குடி ஆகிய நான்கும் ஏழையைப் பிடித்த பேய்கள் என்று போகும் இடமெல்லாம் சொன்னார். கூட்டுறவுச் சங்கம், மருந்தகம், தொழிற்கல்வி, அச்சகம் என்று பணிகள் பெருகின. 1935 வாக்கில் மறைமாவட்டத்தில் சுமார் 250 இந்தியக் குருமாரும் 2000க்கும் மேற்பட்ட கிராம ஆசிரியர்களும் இருந்தார்கள். ஒரு தலைமுறைக்கு முன் எழுத்தைத் தொடவும் தடை இருந்த வீடுகளிலிருந்து பலர் குருமாராகவும் ஆசிரியர்களாகவும் வந்தார்கள்.

ஞானஸ்நானத்தின்போது அவர் கடைப்பிடித்த ஒரு வழக்கம் பலருக்கும் தெரியும். ஞானஸ்நானம் பெற்றவர் தன் கையைத் தன் தலைமேல் வைத்து, நற்செய்தியைச் சொல்லாமல் இருந்தால் எனக்குக் கேடு என்று பவுல் எழுதிய பொருளில் உறுதி எடுக்க வேண்டும். எசமான் முன்னால் வாய் திறக்கக் கூடாது என்று பரம்பரையாகப் பழக்கப்பட்ட மக்களை, நீ பேசியே ஆக வேண்டும் என்று நிறுத்தியது இந்தச் சடங்கு. 1930களில் அந்தப் பகுதியின் சாதி இந்துக்களிலும் கணிசமானோர் சபைக்கு வந்தார்கள். மாலர், மாதிகர் வாழ்வில் கண்ட மாற்றமே அவர்களை இழுத்தது என்று அசரியா திரும்பத் திரும்ப எழுதினார். ஊர் சேரியிடம் பாடம் கற்க வந்தது என்பது அன்று சின்ன விஷயம் அல்ல.

சபைக்குள் சாதிக்கு இடமில்லை என்பதில் அவர் கறாராக இருந்தார். திருவிருந்தில் பாத்திரம் ஒன்றுதான். அதை மாலர் பருகிய பின் மாதிகரும், மாதிகர் பருகிய பின் மாலரும் வாயில் வைத்தாக வேண்டும். அதற்கு மனம் வராவிட்டால் ஜெபமும் பாட்டும் எதற்கு என்பதே அவர் நிலைப்பாடு. அன்பு என்ற சொல்லைப் பிரசங்கத்திலிருந்து இறக்கி உதட்டருகே கொண்டுவந்து நிறுத்தும் சோதனை அது.

பிளவுக்கு மேல் பிளவு

ஆனால் ஒரு பாத்திரம் போதவில்லை. தெலுங்கு நாட்டை மிஷன்கள் பங்கு போட்டிருந்தன. ஓங்கோல் பக்கம் அமெரிக்க பாப்டிஸ்டுகள். அவர்களிடம் 1878இல் ஒரே நாளில் 2222 பேர் ஞானஸ்நானம் பெற்றார்கள், பெரும்பாலோர் மாதிகர்கள். மசூலிப்பட்டினம் பக்கம் சர்ச் மிஷன் சங்கம். அங்கே சேர்ந்தவர்கள் பெரிதும் மாலர்கள். இன்னும் லுத்தரன், மெதடிஸ்ட், லண்டன் மிஷன் என்று பல பெயர்கள். இங்கிலாந்திலும் ஜெர்மனியிலும் அமெரிக்காவிலும் என்றோ எதற்காகவோ நடந்த சண்டைகள் மாதிகர் தெருவிலும் மாலர் தெருவிலும் பெயர்ப் பலகைகளாக வந்து நின்றன. ஏற்கெனவே இருந்த சாதிக் கோட்டின் மீது பல இடங்களில் சபைக் கோடும் விழுந்தது. ஒரு சபையின் விருந்தில் மறு சபையார் பங்குபெற முடியாது. சாதி செய்த வேலையைச் சபைப் பிரிவும் செய்தது.

இதனால்தான் அசரியாவுக்குத் திருச்சபை ஒருமைப்பாடு தலையாய பணி ஆயிற்று. 1919 மே 1, 2 தேதிகளில் தரங்கம்பாடியில் 33 பேர் கூடினார்கள். 1706இல் சீகன்பால்கு வந்து இறங்கிய அதே கடற்கரை ஊர். கூடியவர்களில் இருவரைத் தவிர மற்றவர்கள் இந்தியர்கள். இந்தப் பிரிவுகளை நாங்கள் உண்டாக்கவில்லை, எங்கள் விருப்பப்படியும் வரவில்லை, எங்கள்மேல் சுமத்தப்பட்டவை என்று அறிக்கை வெளியிட்டார்கள். ஆங்கிலிக்கன் சபையும் தென்னிந்திய ஐக்கிய சபையும் இணைவதற்கான பேச்சு அங்கிருந்து தொடங்கியது. பின்னர் மெதடிஸ்டுகளும் சேர்ந்தார்கள்.

பேச்சு 28 ஆண்டுகள் இழுத்தது. பேராயரின் கையால் பட்டம் பெறாத குரு திருவிருந்து நடத்தலாமா என்பதே பெரிய முடிச்சு. பேராயர் பதவி வகித்த அசரியா, மற்றச் சபைகளின் குருமார் மறுபடி பட்டம் பெற வேண்டும் என்று கேட்கவில்லை. இருப்பவர்களை அப்படியே ஏற்போம், இனிமேல் வருபவர்களுக்குப் பேராயர்கள் பட்டம் அளிக்கட்டும் என்ற திட்டத்துக்காக வாதாடினார். தன் பதவியின் பெருமையைக் காட்டி மற்றவரைக் குறைக்காமல் இருப்பது தாழ்மை. அது அவருக்குக் கைவந்தது. 1927இல் சுவிட்சர்லாந்தின் லொசானில் நடந்த உலக மாநாட்டில், சபைப் பிரிவு மேலை நாட்டில் வெறும் பலவீனமாக இருக்கலாம், எங்கள் நாட்டில் அது பாவமும் அவமானமும் ஆகும் என்ற பொருளில் பேசினார்.

அந்தக் கேள்வி

1935 அக்டோபரில் நாசிக் மாவட்டத்தின் ஏவலாவில் அண்ணல் அம்பேத்கர், இந்துவாகப் பிறந்தது என் கையில் இல்லை, இந்துவாகச் சாக மாட்டேன் என்று அறிவித்தார். எல்லா மதத்தாரும் அவரை நோக்கித் திரும்பினார்கள். கிறிஸ்தவத் தரப்பில் முன்னால் நின்றவர் அசரியா.

அம்பேத்கர் அவர் முன்வைத்த கேள்விகளை அசரியாவின் வரலாற்றை எழுதியவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். நாங்கள் கிறிஸ்தவர்களானால், எங்கே வாழ்ந்தாலும் ஒரே சபையாக இருப்போமா? சாதிப் பாகுபாட்டிலிருந்து முழுமையாக விடுபடுவோமா? இரண்டு கேள்விக்கும் ஆம் என்று சொல்ல அசரியாவால் முடியவில்லை. வாழ்நாளில் இவ்வளவு வெட்கப்பட்டதில்லை என்று அவரே பின்னர் சொன்னார்.

இங்கே ஒரு நிமிடம் நிற்க வேண்டும். அவர் பொய் சொல்லியிருக்கலாம். தோர்ணக்கல்லின் புள்ளிவிவரங்களைக் காட்டியிருக்கலாம். மேலுலகில் எல்லோரும் ஒன்று என்று சமாளித்திருக்கலாம். லட்சக்கணக்கான மக்கள் சபைக்கு வரக்கூடிய நேரத்தில், உள்ளதை உள்ளபடி ஒப்புக்கொண்டு தலைகுனிந்தார். அம்பேத்கர் கிறிஸ்தவராகவில்லை. 1956இல் நாக்பூரில் பௌத்தம் தழுவினார். ஆனால் அந்த இரண்டு கேள்விகள் அசரியாவை விட்டு விலகவில்லை. சபை ஒருமைப்பாட்டுக்கு அவர் கடைசிவரை அவசரப்பட்டதன் காரணங்களில் அதுவும் ஒன்று.

காந்தியோடும் அவருக்கு மோதல் இருந்தது. ஒடுக்கப்பட்ட மக்கள் கூட்டமாக மதம் மாறுவதைக் காந்தி 1936, 37இல் தம் ஹரிஜன் இதழில் கடுமையாக விமர்சித்தார். மதங்களை ஒப்பிட்டுத் தேரும் அறிவு அவர்களுக்கு இல்லை என்ற தொனி அதில் இருந்தது. அசரியா அதை ஏற்கவில்லை. மாலரும் மாதிகரும் சிந்தித்தே முடிவெடுக்கிறார்கள், அந்த முடிவுக்கு விலையும் கொடுக்கிறார்கள் என்று பதில் சொன்னார். அதே அசரியா, கிறிஸ்தவர்களுக்குத் தனித் தொகுதி வேண்டாம் என்றும் சொன்னார். சபை ஒரு வாக்கு வங்கியாகிவிடும் என்று அஞ்சினார். அரசியல் அதிகாரம் இல்லாமல் ஒடுக்கப்பட்டோர் எழ முடியாது என்று நம்பிய அம்பேத்கரிய வழியிலிருந்து பார்த்தால், இந்த இடத்தில் அசரியாவோடு நமக்குக் கருத்து வேறுபாடு உண்டு.

குறைகள் வேறும் உண்டு. மாலர், மாதிகர் பூசல் அவர் காலத்திலேயே சபைக்குள் தீர்ந்துவிடவில்லை. பதவிக்கும் பள்ளி இடத்துக்கும் நடந்த போட்டியில் அது மறுபடி மறுபடி தலைதூக்கியது. அதைத் தீர்க்கும் முயற்சியில் அவர் தளரவில்லை என்று மட்டுமே சொல்லலாம்.

கோபுரமும் கல்லறையும்

தோர்ணக்கல்லில் கால் நூற்றாண்டு காலம் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டிய பேராலயம் 1939 ஜனவரி 6, பிரசன்னத் திருநாளில் பிரதிஷ்டை ஆனது. இந்துக் கோயிலை நினைவூட்டும் தூண்கள், மசூதியை நினைவூட்டும் குவிமாடங்கள், நடுவில் சிலுவை. ஏழைகளின் காணிக்கையும் உழைப்பும் அதில் கலந்திருந்தன. கோயில் வாசலில் நிறுத்தப்பட்ட மக்கள், கோயில் தூண்களுக்கு நடுவே தங்கள் சொந்த ஆலயத்தில் அமர்ந்தார்கள்.

1945 ஜனவரி 1 அன்று அசரியா தோர்ணக்கல்லில் காலமானார். கிறிஸ்துமஸ் காலத்தில் கிராமங்களைச் சுற்றிவிட்டுக் காய்ச்சலோடு திரும்பியவர். அவர் கனவு கண்ட தென்னிந்தியத் திருச்சபை 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் உதயமானது. ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், ஐக்கிய சபையார் ஒரே பந்தியில் அமர்ந்தார்கள். பாப்டிஸ்டுகளும் லுத்தரன்களில் பெரும்பாலோரும் வெளியே நின்றார்கள்.

அம்பேத்கர் கேட்ட முதல் கேள்விக்கு அந்த நாள் பாதி விடை தந்தது. இரண்டாவது கேள்வி அப்படியே இருக்கிறது. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை தலித் கிறிஸ்தவர்களைப் பட்டியல் சாதிக்கு வெளியே நிறுத்தியது. சீக்கியருக்கு 1956இலும் பௌத்தருக்கு 1990இலும் திறந்த அந்தக் கதவு இவர்களுக்கு இன்னும் திறக்கவில்லை. மதம் மாறியதால் சாதி போய்விட்டது என்கிறது அரசு. சாதி போகவில்லை என்பதற்குத் தனிக் கல்லறைத் தோட்டமும், சாதி பார்த்து நடக்கும் சபைத் தேர்தலும், தலித் குருவானவரை ஏற்க மறுக்கும் ஊர்களும் சாட்சி சொல்கின்றன. அரசிடம் உரிமை கேட்பவர்கள் சபையிடமும் கேட்டாக வேண்டியிருக்கிறது.

வெள்ளாளன்விளையில் பிறந்தவரின் கல்லறை தோர்ணக்கல்லில், மாலரும் மாதிகரும் கூடும் பேராலயத்தின் அருகில் இருக்கிறது. அவர் பெயரில் விழா எடுக்கும் நம் மாவட்டத்துச் சபைகள், அவரை வெட்கப்படவைத்த கேள்வியையும் அந்த மேடையில் ஒருமுறை வாசிக்கலாம். ஆம் என்று பதில் சொல்ல முடிகிற சபைக்கு அவர் பெயரைச் சொல்ல உரிமை உண்டு. முடியாத சபை, அவரைப் போல முதலில் வெட்கப்படட்டும்.